ஃபைட்டர்ஸீ: பார்க்க அமர்க்களம், ஆட எப்படி?

கொருக்குப்பேட்டை_கேட்

டிராகன் பால் கார்ட்டூனை வைத்து வந்த சண்டை கேம், டிராகன் பால் ஃபைட்டர்ஸீ, தள்ளுபடியில் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது பிஎஸ்4, அதுவும் செகண்ட்ஹேண்ட். தம்பிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, சனி ஞாயிறில் பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். நாங்கள் பிஎஸ்2-வில் புடோகாய் டென்கைச்சி 3 என்ற பழைய டிராகன் பால் கேம் ஆடி வளர்ந்த கூட்டம். 2018-இல் வந்த கேமுக்கு இப்போது காசு போடலாமா? நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள். "சூப்பர் கேம் ப்ரோ, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று மட்டும் யாரும் வரவேண்டாம்.

பெரம்பூர்_லோகோ

சூப்பர் கேம் ப்ரோ, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

சரி, சரி. ஒன்று மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டென்கைச்சியில் கேமரா நம் ஆளின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், மலையை உடைத்துக்கொண்டு பறக்கலாம். இது அந்த வகை இல்லை. பக்கவாட்டில் பார்க்கும் பழைய பாணிச் சண்டை, ஆளுக்கு மூன்று பேர் கொண்ட அணி. அங்கே வடிவங்களையும் சேர்த்து 161 பேர் இருந்தார்கள், இதில் தொடக்கத்தில் 24 பேர்தான். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், இந்த 24 பேரையும் ஒவ்வொருவராக உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்கள்.

ராயபுரம்_ரவுண்டு2

எங்கள் மாமாவின் கேம் கடையை மாலை நேரங்களில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வருகிற பையன்கள் இந்த கேமை எப்படி ஆடுகிறார்கள் என்று நாற்காலி போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் படம். டிவியில் இந்த கேம் ஓடும்போது தெருவில் போகிறவர் கார்ட்டூன் ஓடுகிறது என்றுதான் நினைப்பார். செய்தது ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் என்ற ஜப்பான் நிறுவனம். அவர்கள் 2014-இல் கில்டி கியர் எக்ஸ்ஆர்டி என்ற சண்டை கேமில் பிடித்த வித்தைதான் இங்கேயும். உள்ளே இருப்பதெல்லாம் முப்பரிமாண உருவங்கள், அன்ரியல் எஞ்சின் 4 என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஓடுபவை. ஆனால் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும் இடைவெளியைக் கணினி வழவழவென்று நிரப்புவதை வேண்டுமென்றே நிறுத்திவிட்டார்கள். கை ஒரு இடத்தில் நிற்கும், சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவும். கையால் வரைந்த படம் அப்படித்தானே நகரும்? வெளிச்சமும் ஆளுக்கு ஒன்று தனியாக. கன்னத்தில் நிழல் எங்கே விழவேண்டும் என்பதை மேடையில் இருக்கும் சூரியன் முடிவு செய்வதில்லை, ஓவியர் முடிவு செய்கிறார். அந்த நிறுவனத்தின் ஜுன்யா மோட்டோமுரா 2015-இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் இதையெல்லாம் விளக்கிப் பேசியிருக்கிறார், ஆர்வம் இருந்தால் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, ஆட்டத்துக்குள் நுழைவது சுலபம். ஸ்கொயரைத் தொடர்ந்து தட்டினாலே ஒரு முழு காம்போ, அதாவது விடாமல் விழும் அடிகளின் தொடர், வரும். பவர் இருந்தால் கடைசியில் காமேஹாமே என்ற ஒளிக்கற்றை அடியும் வரும். ஸ்பெஷல் அடிகளுக்கு பெரும்பாலும் ஸ்டிக்கைக் கால்வட்டம் சுழற்றி ஒரு பட்டன், அவ்வளவுதான். டெக்கன் 3 சண்டை கேமில் எட்டி என்ற ஆளை எடுத்துக்கொண்டு காலால் உதைத்தே ஊரை ஜெயித்த பையன்கள் இருந்தார்கள் அல்லவா, அவர்களுக்கு இது சொர்க்கம். ஆர்2-வைத் தட்டினால் சூப்பர் டேஷ். திரையின் எந்த மூலையில் இருந்தாலும் எதிரியை நோக்கிப் பறந்து போகலாம்.

பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பம். எங்கள் கடைக்கு டியூஷன் பையோடு வரும் ஒரு பையன் இருக்கிறான். முதல் வாரம் முழுக்க ஆர்2, ஸ்கொயர், ஆர்2, ஸ்கொயர். எல்லாரையும் அடித்தான், கடையே அவனைத் தூக்கிவைத்துக்கொண்டது. பிறகு கல்லூரி படிக்கும் ஒருத்தன் வந்தான். சூப்பர் டேஷ் வரும் ஒவ்வொரு தடவையும் கீழ், சர்க்கிள். அவ்வளவுதான், பையன் தலைகீழாக மேலே போனான். அந்த ஒரு அடி எல்லாப் பாத்திரங்களிடமும் இருக்கிறது, மேலிருந்து வருகிற எதையும் அது வெட்டிவிடும். மேலே போன பையன் தரையைத் தொட ரொம்ப நேரம் ஆனது. அந்த நேரமெல்லாம் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு முறுக்கு பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். வேறு என்ன செய்வான்? கில்டி கியரில் அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதே வெடித்து வெளியே வர "பர்ஸ்ட்" என்று ஒன்று உண்டு. இதில் இல்லை. முதல் அடி விழுந்தால், அடிப்பவன் கை தவறும் வரைக்கும் நாம் பார்வையாளர்தான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இது பின்னால் நின்று பார்க்கிற கூட்டத்துக்காகச் செய்த கேம். கூட்டம் கத்துகிற அதே இடத்தில்தான் தோற்கிறவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். ஆடுகிற இரண்டு பேரும் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்தால் இதைவிட நல்ல கேம் கிடையாது. இல்லையென்றால் ஒருத்தனுக்குக் கொண்டாட்டம், ஒருத்தனுக்குத் தண்டனை.

தேரடி_டியன்

ரவுண்டு2 அண்ணா சொன்ன காம்போ புலம்பலை நான் ஏற்கவில்லை. கேரம் போர்டில் ஒருத்தன் ஸ்ட்ரைக்கரைக் கொடுக்காமல் பாதிக் காயைப் போட்டுவிட்டால் எதிரே இருப்பவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். வட சென்னைக்காரன் இதற்கெல்லாம் அழலாமா? அடி விழாமல் இருக்கக் கற்றுக்கொள்ளவேண்டும். சர்க்கிளும் டிரையாங்கிளும் சேர்த்து அழுத்தினால் ஒரு பவர் செலவில் எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய் அடிக்கலாம். அடி விழுகிற நேரத்தில் பின்னால் அழுத்திக்கொண்டு எக்ஸ் தட்டினால் தள்ளிவிடலாம். கருவிகள் இருக்கின்றன, யாரும் பயன்படுத்துவதில்லை.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். கதைப் பகுதி. மூன்று பாகம் என்கிறார்கள். மூன்றிலும் வரைபடத்தில் காயை நகர்த்திக்கொண்டே போய் அதே குளோன்களோடு, அதாவது நகல் ஆட்களோடு, திரும்பத் திரும்பச் சண்டை. கோகு குளோன், கிரில்லின் குளோன், மறுபடி கோகு குளோன். எதிரிக்கு மூளையே இல்லை. நடுவில் வரும் பேச்சுகள் சில இடங்களில் சிரிப்பு வரும், நாப்பாவும் யாம்சாவும் பேசிக்கொள்வதுபோல. ஆனால் அதற்காக அத்தனை சண்டையா? ஆண்ட்ராய்டு 21 என்று ஒரு புதுப் பாத்திரத்தை டிராகன் பாலைப் படைத்த தோரியாமாவின் மேற்பார்வையில் உருவாக்கிவிட்டு, அவளை இப்படி ஒரு கதைக்குள் வீணடித்திருக்கிறார்கள். அவளைத் திறப்பதற்காகவாவது இதை ஆடித் தொலைக்கவேண்டும்.

அப்புறம் கதாநாயகன் கோகு. எங்கே பார்த்தாலும் கோகு. சூப்பர் சையன் கோகு, நீல முடி கோகு, சாதா கோகு, ஜீடி தொடரில் வரும் சின்னப் பையன் கோகு, அல்ட்ரா இன்ஸ்டிங்க்ட் கோகு. போதாதென்று கோகு முகத்தோடு பிளாக், கோகு முகத்தோடு அப்பா பார்டாக், கோகுவும் வெஜிட்டாவும் சேர்ந்த ஆட்கள் தனி.

பெரம்பூர்_லோகோ

அது டிராகன் பால் தலைவா. கோகு இல்லாமல் டியன்ஷின்ஹான் மாதிரி துணை ஆளை வைத்தா விற்பார்கள்?

தேரடி_டியன்

என் பெயரைப் பார்த்துவிட்டுப் பேசவும்.

வியாசை_பதினெட்டு

கோகு கணக்கு போட்டவர்கள் பெண்கள் கணக்கும் போட்டிருக்கலாம். தொடக்கத்தில் வந்த 24 பேரில் இரண்டே பேர், ஆண்ட்ராய்டு 18-உம் 21-உம். பிறகு காசு கொடுத்து வாங்கும் ஆட்களாக விடெல், கெஃப்லா, கடைசியாக 2022 பிப்ரவரியில் வெள்ளைக் கோட்டு போட்ட இன்னொரு 21. தொடரில் வரும் சீ சீ என்ற பெண் எங்கே, லாஞ்ச் எங்கே?

ஆனால் இருக்கிற 18-ஐ நன்றாகச் செய்திருக்கிறார்கள், அதையும் சொல்லவேண்டும். தம்பி 17-ஐ நடுவில் கூப்பிட்டு அடிக்கவைக்கலாம், சுற்றிலும் தடுப்பு எழுப்பலாம். அந்தத் தடுப்பை அசிஸ்டாக, அதாவது வெளியே நிற்கும் கூட்டாளியின் உதவியாக, அழைத்தால் முன்னால் நிற்கும் கூட்டாளிக்கும் பாதுகாப்பு. இந்த கேமின் உண்மையான பலம் இதுதான் என்பது என் எண்ணம், யாரும் இதைப் பேசவில்லை. மூன்று பேரை எந்த வரிசையில் நிறுத்துகிறோம், யாருடைய உதவி யாருக்குப் பொருந்துகிறது என்பதில் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. கிரில்லினைப் பாருங்கள். அடியில் பெரிய ஆள் இல்லை, ஆனால் சென்சு பீன்ஸை வீசிக் கூட்டாளிக்கு உயிர் ஏற்றுகிறான். கினியூ தன் படையையே வரிசையாகக் கூப்பிடுகிறான். படத்தில் அவரவர் எப்படி இருந்தார்களோ அது அப்படியே சண்டை முறையாக மாறியிருக்கிறது. 2020-இல் மூன்றாவது சீசனில் ஆளுக்கு மூன்று அசிஸ்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கொண்டுவந்த பிறகு இது இன்னும் விரிந்தது.

குறை என்றால், எல்லாருடைய காம்போவும் ஒரே எலும்புக்கூடு. அடி, தூக்கு, மேலே போ, கீழே இறக்கு, மறுபடி தூக்கு. ஆரம்பத்தில் சுலபமாக இருப்பதற்குக் காரணமும் இதுவே, ஆறு மாதம் கழித்து அலுப்பதற்குக் காரணமும் இதுவே. அண்ணனோடு வீட்டில் ஆடும்போது அவன் யாரை எடுத்தாலும் அடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம்.

கடையில் ஆடுவது பற்றி ஒரு வார்த்தை. நான் போனால் "அக்கா, அண்ணனுக்குக் கார்டு போடவா வந்தீங்க" என்கிறார்கள். ராயபுரம் கடையைச் சொல்லவில்லை, ரவுண்டு2 பதற வேண்டாம்.

ராயபுரம்_ரவுண்டு2

வாங்க அக்கா, எங்கள் கடையில் தோற்றவன் எழுந்திருக்கவேண்டும், அது ஒன்றுதான் சட்டம். ஆனால் அந்தச் சட்டத்துக்கே இந்த கேம் சிக்கல். மூன்றுக்கு மூன்று என்பதால் ஒரு ஆட்டம் டெக்கனை விட நீளம். பின்னால் நிற்கிறவன் மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறான்.

அதே நேரம், ஒருத்தன் மட்டும் மிச்சமிருக்கும்போது ஸ்பார்க்கிங் என்ற பலமேற்றும் வித்தையைப் போடுவான் பாருங்கள், ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். ஆள் குறையக் குறைய அது நீடிக்கும் நேரம் கூடும். இழந்த உயிரும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அப்போது யாரும் மணியைப் பார்ப்பதில்லை.

ஷென்ரான் என்ற வரம் தரும் டிராகன் விஷயம் இன்னும் வேடிக்கை. காம்போ போடப் போட ஏழு உருண்டைகள் சேரும். இரண்டு பேர் போடுவதும் ஒரே கணக்கில் சேரும். ஏழும் சேர்ந்தபின் ஏழு பவரும் நிரம்பிய நிலையில் ஸ்கொயர் காம்போவை யார் முதலில் முடிக்கிறானோ அவனுக்கு வரம். செத்த கூட்டாளியை எழுப்பலாம், உயிரை நிரப்பலாம், ஸ்பார்க்கிங்கைத் திரும்ப வாங்கலாம். ஒருத்தன் பாடுபட்டு ஆறு உருண்டை சேர்க்க, எதிரே இருந்தவன் ஏழாவதைச் சேர்த்து டிராகனைக் கூப்பிட்டுவிட்டான். கடையில் அன்று நடந்த வாக்குவாதத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் வந்து சமாதானம் செய்யவேண்டியதாயிற்று.

மணலி_மெகாபிட்ஸ்

ஆன்லைன் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பிஎஸ்4 வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் அது.

இந்த கேம் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம். ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லிசெகண்ட். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் வழியாகச் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 32 மில்லிசெகண்ட், அதாவது இரண்டு ஃபிரேம். இது இயற்கை விதித்த குறைந்தபட்சம், மற்ற தாமதமெல்லாம் இதற்கு மேல். கடலோர ஊர் என்பதால் இந்த விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்தான், வடக்கே இருக்கிறவனுக்கு இன்னும் தூரம்.

2018-இல் வந்தபோது இந்த கேம் பயன்படுத்தியது பழைய முறை. எதிராளியின் பட்டன் வந்து சேரும்வரை நம் பட்டனையும் நிறுத்திவைக்கும். நெட் ஒரு சீராக இருந்தால் பழகிக்கொள்ளலாம். ஆனால் நம் தெருக்களில் வைஃபை எப்படி என்று தெரியும். இரவு ஒன்பது மணிக்கு வீடு முழுக்க ஆளுக்கு ஒரு வீடியோ. பிங் என்கிற நெட் தாமதம் ஏறும், இறங்கும். காம்போவின் தாளமே மாறிவிடும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

ரோல்பேக் என்ற புது முறையில் நம் பட்டன் காத்திருப்பதில்லை. எதிராளி முன்பு அழுத்தியதையே இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறான் என்று கேம் ஊகித்து ஓடும், ஊகம் தவறினால் பின்னால் போய் சரிசெய்துகொள்ளும். இதைக் கொண்டுவரச் சொல்லி ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கத்தினார்கள். ஒருவழியாக 2024 பிப்ரவரி 29 அன்று வந்தது. பிசி, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகியவற்றுக்கு மட்டும். பிஎஸ்4-க்கும் ஸ்விட்சுக்கும் கிடையாது. ஒரு வகை இயந்திரத்தில் ஆடுபவன் இன்னொரு வகை இயந்திரத்தில் ஆடுபவனோடு ஆடவும் முடியாது.

அடுத்த நாள், மார்ச் 1, தோரியாமா காலமானார். செய்தி வெளியே வந்தது மார்ச் 8-இல். அந்த வாரம் ஆன்லைனில் ஆட்கள் கூடும் லாபியில் நுழைந்தால் ஆட ஆள் தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

கொருக்குப்பேட்டை_கேட்

மெகாபிட்ஸ் அண்ணா, ரொம்ப நன்றி. ரோல்பேக் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆன்லைன் எனக்கு எப்போதாவதுதான், வீட்டில் ஆடத்தான் கேட்கிறேன். பிஎஸ்5 வாங்கக் காசு சேர்த்துவிட்டு நேராக ஸ்பார்க்கிங் ஸீரோ என்ற கேமுக்குப் போய்விடலாமா என்றும் ஒரு யோசனை. அது டென்கைச்சியின் வாரிசு என்கிறார்களே?

பெரம்பூர்_லோகோ

வாரிசுதான். ஜப்பானில் டென்கைச்சிக்குப் பெயரே ஸ்பார்க்கிங். 2024 அக்டோபரில் 182 பேரோடு வந்தது. ஆனால் உங்கள் தேவைக்கு ஒரு முள் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஆடினால் திரையை இரண்டாகப் பிரிக்கவேண்டும், இயந்திரத்துக்கு இரட்டை வேலை. அதனால் வெளியான நேரத்தில் அதற்கு ஒரே ஒரு மேடைதான் கொடுத்தார்கள். அந்த வெள்ளை வெளி, ஹைபர்போலிக் டைம் சேம்பர். மரம் இல்லை, மலை இல்லை, உடைக்க ஒன்றும் இல்லை. டென்கைச்சியில் மலையை உடைத்தவனுக்கு அது பெரிய ஏமாற்றம். ஃபைட்டர்ஸீயில் ஒரே திரையில் இரண்டு பேரும் நிற்பதால் இந்தச் சிக்கலே கிடையாது, எல்லா மேடையும் உண்டு.

நாமெக் மேடையில் கோகுவை வைத்து ஃப்ரீஸாவைக் கடைசியாக பலமான அடியால் முடித்துப் பாருங்கள். படத்தில் வந்த காட்சி அப்படியே ஓடும். செல் கேம்ஸ் மேடையில் சின்ன கோஹானை வைத்து செல் என்ற வில்லனை முடித்தாலும் அப்படித்தான். பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் வந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

தேரடி_டியன்

இதை ஒப்புக்கொள்கிறேன். அந்த முடிவுக் காட்சிகளைச் செய்தவன் உண்மையான ரசிகன். ஆனால் குரல் ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான், தமிழ் எதிர்பார்க்காதீர்கள்.

போட்டி ஆட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியின் 2018 இறுதியைப் பாருங்கள், சானிக்ஃபாக்ஸ், கோ1 என்ற இரண்டு ஆட்டக்காரர்கள். கோ1 ஒரு சுற்று ஜெயித்து ஆட்டத்தைச் சமன் செய்ததும் சானிக்ஃபாக்ஸ் இடம் மாற்றி உட்காரவேண்டும் என்று கேட்டார். மாற்றி உட்கார்ந்து ஜெயித்தார். அடுத்த வருடம் கோ1 வந்து அவரையே தோற்கடித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

ராயபுரம்_ரவுண்டு2

உட்காரும் இடத்துக்கான சண்டை எங்கள் கடையிலும் தினமும் உண்டு, ஆனால் அதற்குக் காரணம் ஃபேன்.

வியாசை_பதினெட்டு

கேட் தம்பி, வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம். டிவியில் கேம் மோட் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் ஆடினால் பட்டனுக்கும் படத்துக்கும் இடைவெளி விழும், கீழ்-சர்க்கிள் எப்போதும் ஒரு நொடி தாமதம் என்று நீங்கள் உங்கள் கையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். செகண்ட்ஹேண்ட் பிஎஸ்4 என்றால் ஸ்டிக்கும் தேய்ந்திருக்கும். கால்வட்டம் போட ஸ்டிக்கை விட்டுவிட்டு அம்புக்குறி பட்டன்களுக்குப் பழகுங்கள். கட்டைவிரல் முதல் வாரம் வலிக்கும்.

இன்னொன்று, யாருக்கு என்ன தெரியுமோ அதை எல்லாரும் சேர்ந்து பயிற்சி அறையில் ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். நீங்கள் மட்டும் தனியாக வீடியோ பார்த்துப் பழகிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா பிள்ளைகளை அடித்தால், அடுத்த ஞாயிறு அவர்கள் கிரிக்கெட் மட்டையோடுதான் வருவார்கள்.

கொருக்குப்பேட்டை_கேட்

வாங்குகிறேன் அக்கா, பிஎஸ்4-க்கே. சாதா பதிப்பா, எல்லா ஆளும் இருக்கிற பெரிய பதிப்பா? தம்பி மூன்று கோகு வைத்து ஆடப்போவதாக இப்போதே சொல்லிவிட்டான்.

பெரம்பூர்_லோகோ

2022 வரை வந்த எல்லாரையும் சேர்த்தால் 44 பேர். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் பெரியதை எடுங்கள். சாதா பதிப்பில் கோகு இரண்டே பேர், மூன்றாவது இடத்துக்கு பிளாக்கைப் போட்டுச் சமாளிக்கச் சொல்லுங்கள்.

தேரடி_டியன்

டியன் சாதா பதிப்பிலேயே இருக்கிறான். சும்மா தகவலுக்கு.